கேட்டது: வீட்டில்

உறையைக் கையில் எடுக்கும்போதே அது நூற்றுப் பதினேழுடையது என்று தெரிந்துவிட்டது. மற்றவர்கள் அனுப்பும் உறைகளில் பசை வழிந்து ஓரங்கள் விறைத்திருக்கும். அவளுடையதில் மூடியின் நுனியில் மட்டும் ஒரு பொட்டுப் பசை. சிக்கனக்காரி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே ஒன்பது சீட்டுகள் இருந்தன, தபால் அட்டையில் பாதி அளவுக்கு வெட்டப்பட்டவை. ஒவ்வொன்றின் இடது மூலையிலும் ஒரே சொல்: பெக்.

தமிழ்ப் பேச்சில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி தயாரித்துக்கொண்டிருந்தோம். இரண்டு அறைகள், சுவர் முழுக்க இழுப்பறைகள், நான்கு பேர். ஊர் ஊராக இருநூறு பேர் எங்களுக்கு வாக்கியங்கள் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதத்துக்கான சொல்பட்டியல் அவர்களுக்குப் போகும். அந்தச் சொற்களை யாராவது பேசிக் கேட்டால் கேட்டபடியே சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். சொந்தமாக இட்டுக்கட்டிய வாக்கியம் செல்லாது. காதால் கேட்டதென்றால் வலது மூலையில் 'கே', படித்ததென்றால் 'ப', பக்கத்தில் கேட்ட இடம். பெயர் எழுதக் கூடாது. பெயர் தெரிந்தால் வாக்கியத்தின் மேல் நமக்கு ஒரு அபிப்பிராயம் வந்துவிடும் என்பது எங்கள் தலைமை ஆசிரியரின் கொள்கை. அதனால் எல்லோரும் எண்கள். முகவரிகள் தபால் பிரிவில் இருக்கும் அக்காவின் பேரேட்டில் மட்டும் இருந்தன.

நூற்றுப் பதினேழின் சீட்டுகள் எல்லாவற்றிலும் வலது மூலையில் ஒன்றே இருக்கும். கே. வீட்டில்.

அகர வரிசையில் வேலை செய்பவர்களுக்குக் காலம் வேறு மாதிரி ஓடும். மூன்று வருடங்களுக்கு முன் 'அ'வில் அவள் எழுதத் தொடங்கினாள். 'அலாரம் என் காதுக்குக் கேக்காது, எதிர்வீட்டுக்காரர் எந்திரிச்சிடுவாரு' என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். 'கேஸ்' முடியும்வரை அந்த வீட்டில் ஒரு மாமியார் இருந்தாள். 'சுவிட்ச்' வரும்போது அவள் இல்லை. 'அம்மா போட்ட சுவிட்ச், அணைக்காத' என்று ஒரு சீட்டு வந்தது. 'டென்ட்' என்ற சொல்லில் அவள் கணவர் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர் என்று தெரிந்தது. வீட்டில் இரண்டே பேர், குழந்தை இல்லை, பாத்ரூமில் ஒழுகும் குழாய், மாடிப்படியில் உடைந்த ஓடு. அந்த வீட்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டு என்னால் நடந்திருக்க முடியும். என் சொந்தத் தங்கையின் வீட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.

ஒன்பது சீட்டுகளையும் மேசையில் பரப்பினேன். பெக் விசித்திரமான சொல். மரத்தில் சீவிய ஒரு சின்ன முளை, அவ்வளவுதான். ஆனால் அதைக் கொடியில் துணிக்கு மாட்டுகிறார்கள், கூடாரத்துக்கு மண்ணில் அடிக்கிறார்கள், சட்டை தொங்கச் சுவரில் பதிக்கிறார்கள், தந்தியை முறுக்க வயலினின் கழுத்தில் செருகுகிறார்கள். பல பேர் ஒரே ஜாடியில் குடித்த காலத்தில் அவரவர் பங்கைக் காட்ட உள்பக்கம் வரிசையாக முளைகள் இருந்தன, மது அளவுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் வந்தது என்று ஒரு கதை உண்டு. எதற்குப் பயன்பட்டாலும் அதன் வேலை ஒன்று. ஏதோ ஒன்று நகராமல் பார்த்துக்கொள்வது.

எங்கள் வேலை அந்தப் பொருள்களை ஒன்று, இரண்டு என்று பிரித்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வாக்கியத்தை உட்கார வைப்பது. பிரிக்கத் தொடங்கினேன்.

'ரெண்டு பெக் வரைக்கும் பாட்டு வரும். மூணாவதுல எனக்கே என்னைப் பிடிக்காது.'

'கொடியில பெக் மாட்டப் போனவ இவ்வளவு நேரம் யார்கூட சிரிச்சிட்டு வர்ற?'

'சாவி அந்த பெக்குல தொங்கின காலம் போச்சு. இனிமே என் பையிலதான்.'

'வயலின்ல நாலு பெக்கையும் கழட்டிட்டேன். இப்ப வாசி, பாப்போம்.'

'டென்ட் பெக் அடிக்கிற சுத்தியலை ஷெட்ல வைக்காத. கட்டிலுக்கடியில இருக்கட்டும்.'

நல்ல வாக்கியங்கள். ஒவ்வொன்றிலும் பொருள் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் பென்சிலால் டிக் செய்துகொண்டே போனேன் என்பதை இப்போது எழுதும்போது விரல் கூசுகிறது. ஆறாவது சீட்டில் பென்சில் நின்றது.

'கொல்லையில பெக் அடிச்சு நூல் கட்டியிருக்காரு. ஆறடிக்கு மூணடி. கேட்டா தொட்டிங்கறாரு.'

கே. வீட்டில்.

மீதி மூன்றும் சாதாரணமானவை. என்ன எழுதியிருந்தது என்பதுகூட இப்போது நினைவில்லை. ஆறாவதைத் தனியே எடுத்து வைத்தேன். நிலத்தை அளக்க அடிக்கும் முளை என்ற பொருளுக்கு வேறு யாரும் வாக்கியம் அனுப்பியிருக்கவில்லை. மதியம் வரை அந்தச் சீட்டு மேசையின் ஓரத்தில் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்தபோது தலைமை ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்த வாக்கியத்தையும் இரண்டு சொல் குறைக்காமல் விடமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். அது அவருக்கும் தெரியும்.

"இது யாரு பேசறது?"

"அந்தம்மாதான் சார்."

"யார்கிட்ட?"

நான் சீட்டின் வலது மூலையைக் காட்டினேன்.

"வீட்ல ரெண்டே பேருன்னு நீங்கதான் சொல்லுவீங்க. இது அவரைப் பத்தி மூணாவது ஆள்கிட்ட சொல்ற மாதிரில்ல இருக்கு? அப்புறம் வீட்ல கேட்டதுன்னு எப்படிப் போட்டாங்க? சொந்தமா எழுதியிருந்தா தள்ளிடுங்க. சந்தேகம்னா அட்டை போட்டுக் கேளுங்க."

"வாக்கியம் கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு சார்."

"எதுதான் இல்ல? 'பிளேடு'க்கு ஒருத்தர் அனுப்பினதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் நான் ஷேவே பண்ணல." சீட்டை என் மேசையில் வைத்தார். "நீங்க அகராதிக்காரர். கதைக்காரர் ஆயிடாதீங்க."

அட்டை என்பது எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் பழக்கம். இரட்டைத் தபால் அட்டை. ஒரு பாதியில் நாங்கள் கேள்வியை அனுப்புவோம், மறுபாதியைக் கிழித்துப் பதிலை நிரப்பி அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். சந்தேகத்துக்குரிய வாக்கியத்தை மேலே முழுமையாக, ஒரு எழுத்தும் மாறாமல் எழுத வேண்டும். கீழே அச்சடித்த கோடுகள்: பேசியவர் யார். கேட்டவர் யார். பொருளின் வகை. சந்தர்ப்பம். இருபத்திரண்டு வருடங்களில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறேன். நூற்றுப் பதினேழுக்கு மட்டும் எழுதியதில்லை. அவள் சீட்டில் இதுவரை கேட்பதற்கு எதுவும் இருந்ததில்லை. அன்றைக்கு எழுதினேன். வழக்கத்தைவிட அழகாகவே எழுதினேன். அவளுக்கு என் கையெழுத்து முதல்முறையாகப் போகிறது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அவளைப் பற்றி ஒரு கவலையும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். யாரோ அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியட்டும் என்றுகூட நினைத்தேன். அட்டையைத் தபால் அக்காவிடம் கொடுத்தேன். அவர் பேரேட்டைப் பார்த்து முகவரி எழுதி, முத்திரை குத்தி, பைக்குள் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. நாற்பது நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். வாக்கியங்களை நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, சிவப்புப் பேனா முதலில் வேகம் குறைந்தது, பிறகு நின்றது.

"யார்கிட்ட சொல்லியிருப்பாங்கன்னுதான் கேட்டு எழுதியிருக்கேன்" என்றேன்.

"உங்ககிட்டதான் சொல்லியிருக்கா."

"எனக்கு அனுப்பினது இருக்கட்டும். முதல்ல யார்கிட்ட..."

"என்னங்க, அந்த வீட்ல அவளுக்கு வேற யாரு இருக்கா? மூணு வருஷமா ஒருத்தி உங்ககூடப் பேசிட்டிருக்கா. நீங்க நம்பர் போட்டு அடுக்கி வச்சிருக்கீங்க." பேனாவை மூடினாள். "எப்படி எழுதினீங்க? கவர்லயா?"

"அட்டையில."

"அந்த வாக்கியத்தையும் எழுதியா?"

தலையாட்டினேன். அந்த வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதும், கேட்டருகே ஒரு கை நீள்வதும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கை யாருடையது என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு அட்டைக்கும் நான் யோசித்ததில்லை. மடித்த அட்டைதான், ஒட்ட மாட்டோம், விரல் நுனியால் பிரிக்கலாம். மூடியின் நுனியில் வைத்த அந்த ஒரு பொட்டுப் பசைக்கு அப்போதுதான் எனக்கு அர்த்தம் தோன்றியது. யாரும் பார்ப்பதற்குள் ஒட்டிவிட்டு ஓட வேண்டியவளின் பசை.

காலையில் முதல் ஆளாகப் போய்த் தபால் அக்காவின் மேசை முன் நின்றேன்.

"முந்தாநாள் பை அன்னைக்கே போயிடுச்சே. இந்நேரம் அவங்க கையில இருக்கும்" என்றார். "ஏன், தப்பா எழுதிட்டீங்களா? நீங்களா?" அவருக்கு அது ஒரு வேடிக்கை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். விதிப்படி அவர் அதைச் செய்யக் கூடாது. முகவரியை ஒரு சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். நூற்றுப் பதினேழு என்ற எண்ணுக்கு எதிரே ஒரு பெயர் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. படிக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது, அல்லது பயமாக இருந்தது.

போலீஸில் சொல்லலாம் என்றாள் மனைவி. போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். "புகார் யாரு குடுக்கறாங்க? அந்தம்மாவா? அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். உறவு ஒன்றும் இல்லை என்றேன். "தொட்டி கட்டறது குத்தமா சார்?" என்றார். வாக்கியங்களைச் சொன்னேன். வெளிச்சமான அந்த அறையில் சத்தமாகச் சொன்னபோது அவை வெறும் வாக்கியங்களாகத்தான் ஒலித்தன.

நேரில் போயிருக்க வேண்டும். போகவில்லை. அவசரப்பட்டுப் போய் நின்றால் அவளுக்கு இன்னும் கெடுதல் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். இழுப்பறையைத் திறந்து அவளுடைய பழைய சீட்டுகளைப் படிப்பதும் மூடுவதுமாக ஐந்து நாள் போயிற்று. ஆறாம் நாள் பதில் அட்டை வந்தது.

எல்லாக் கோடுகளும் நிரப்பப்பட்டிருந்தன. வேறு கையெழுத்து. கட்டம் கட்டியது போல நிமிர்ந்த எழுத்துகள்.

பேசியவர் யார்: என் மனைவி.
கேட்டவர் யார்: இப்போது நான்.
பொருளின் வகை: மரம். ஒன்றரை அடி. நுனி கூர்.
சந்தர்ப்பம்: மேலும் விவரத்துக்கு நேரில் வரவும்.

கத்திரி அதை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் ஒரு சொல்லையும் வெட்டவில்லை. "இன்னைக்கு லீவ் எடுத்துக்கங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தனியாவா போறீங்க?" என்றார். நான் முகவரிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஊருக்கு வெளியே, வீடுகள் இடைவெளி விட்டு நின்ற ஒரு தெரு. அந்த வீட்டை அடையாளம் காண எண் தேவைப்படவில்லை. முன்பக்கம் சுருட்டி வைத்த கான்வாஸ் மூட்டைகள், அவற்றின் மேல் கயிற்றுச் சுருள்கள். எதிர்வீட்டில் ஜன்னல்கள் மூடியிருந்தன. நான் கேட்டைத் தொடுவதற்குள் அவர் வெளியே வந்தார். ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. நான் நினைத்திருந்ததைவிட வயதானவர், நான் நினைத்திருந்ததைவிட மென்மையான குரல். முன்பே கேட்டுப் பழகிய குரல் போல இருந்தது. மூன்று வருடமாக அதைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

"அகராதி ஆபீஸா? வாங்க. வருவீங்கன்னு தெரியும்."

உள்ளே அழைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, முன்பக்கப் படியருகே நின்றபடியே பேசினார்.

"அவங்களைப் பார்க்கலாமா?"

"அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. நேத்துதான்."

"எப்ப வருவாங்க?"

"சொல்லிட்டுப் போகல. வீட்ல நான் ஒருத்தன்தான். பாருங்க, உங்களுக்கு ஒரு டீ போட்டுத்தரக்கூட ஆளில்ல." சிரித்தார். "படிச்சவங்க வந்திருக்கீங்க. நிக்க வச்சுப் பேசறேன்."

"தொட்டி கட்டியாச்சா?" என்று கேட்டேன். எப்படி அந்தக் கேள்வி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

"இல்ல. குழி மட்டும் எடுத்திருக்கேன். ஆள் கிடைக்கல. நானே வெட்டினேன்." கைகளைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கைகளில் கொப்புளங்கள் உடைந்திருந்தன. ஒரு குழந்தை காயத்தைக் காட்டுவது போல, நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்து அப்படியே நீட்டியபடி நின்றார். பிறகு இறக்கிக்கொண்டார். "மொத்தம் எத்தனை இருக்கும்?"

"எது?"

"என் பேச்சு. அவ எழுதினதெல்லாம் நான் பேசினதுதானே? சாப்பிடும்போது பேசினது, தூக்கத்துல பேசினது. ஒருத்தன் பேச்சை எடுத்துட்டுப் போறதுன்னா அவனை ஒரு வார்த்தை கேக்கணும்ல சார்?"

"நானூறு சீட்டு இருக்கும்."

"நானூறு." அந்த எண்ணை மெல்லத் திரும்பச் சொன்னார். "எல்லாத்தையும் நான் பாக்கணும். அடுத்த வாரம் வர்றேன். அச்சடிக்கறதுக்கு முன்னாடி தப்பு ஏதாவது இருந்தா சொல்லணும் பாருங்க. அவ கொஞ்சம் கூட்டி எழுதுவா."

நான் ஏதோ சொன்னேன். விதிகள், தலைமை ஆசிரியர், அனுமதி என்று. அவர் பொறுமையாகத் தலையாட்டினார். அவர் தோளுக்குப் பின்னால், வீட்டின் பக்கவாட்டுச் சுவரில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. குளியலறைத் தண்ணீர் வெளியே போகிற குழாய். அதிலிருந்து தண்ணீர் கட்டைவிரல் கனத்துக்குச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் வந்ததிலிருந்தே அது கொட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பேச்சுக்கு அடியில் அந்தச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. திறந்து வைத்துவிட்டு மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"மூணரைக்கு ஒரு பஸ் இருக்கு" என்றார். "இப்பக் கிளம்பினா பிடிச்சிடலாம். அடுத்தது லேட்டாகும்."

கிளம்பத்தான் நினைத்தேன். என் கால் திரும்பக்கூடச் செய்தது. இதுவரை யார் எதைச் செய்யச் சொன்னாலும் அச்சடித்த கோட்டை நிரப்புவது போலச் செய்துவிட்டுத் திரும்பிப் போகிறவனாகவே இருந்திருக்கிறேன். கேட்டுக்கு இரண்டடி இருக்கும்போது உள்ளே யாரோ குழாயை மூடினார்கள். திருகுவது கேட்டது. பழைய குழாய்; இரண்டு முறை கிறீச்சிட்டது.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டதா என்பதை என் முகத்திலிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறவர் போல இருந்தது அவர் பார்வை. எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. தெருவில் வேறு யாரும் இல்லை.

"பஸ்ஸை விட்டுடுவீங்க சார்."

"பரவால்ல. அடுத்தது வரட்டும்."

சுருட்டி வைத்த ஒரு கான்வாஸ் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் படியிலிருந்து இறங்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. பக்கவாட்டுச் சுவரில் தண்ணீர் நூலாக மெலிந்தது, பிறகு சொட்டாக மாறியது. ஒவ்வொரு சொட்டும் குழாயின் விளிம்பில் திரண்டு, கனத்து, விழுவதற்கு முன் சற்று நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.